முதுகுவலி முகாமுக்கு மண்டபம் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்துச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், மண்டபம், விடுதி நிர்வாகம் பார்க்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து வந்தவர்களின் கால் கொப்புளம் ஆறுவதற்குள் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ‘கழுத்துவலி, முதுகுவலி, மூட்டுவலி, தண்டுவட ஜவ்வு விலகல், அறுவைச் சிகிச்சை இல்லாமல் கைரோபிராக்டிக் முறையில் தீர்வு, ஆலோசனை இலவசம், முன்பதிவு அவசியம்.’ கைரோபிராக்டிக் என்றால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் வைத்தியம் பார்க்கிற முறை; சுருக்கமாகக் கைரோ என்பார்கள். நோட்டீஸின் கீழே உங்கள் சங்கத்தின் பெயர், உங்கள் மண்டபத்தின் முகவரி. நோட்டீஸைப் பார்க்கிற ஆச்சியோ அண்ணனோ முதலில் படிப்பது அந்தப் பெயரைத்தான். வருகிறவர் யார், எங்கே படித்தார் என்று யாரும் விசாரிப்பதில்லை. சங்கம் விசாரித்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞன். ‘கைரோ போய்வந்த பிறகு உடம்பு கெட்டுப்போச்சு, கேஸ் போட முடியுமா?’ என்று கேட்டு வருகிறவர்களைக் கொஞ்ச காலமாகப் பார்க்கிறேன். முடியும் என்பதுதான் பதில். ஆனால் வந்தவர்களில் பலருக்கு அதைச் சொல்லி அனுப்பத்தான் முடிந்ததே தவிர, அதற்கு மேல் செய்ய முடியவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தக் காரணத்தில் பாதி உங்கள் மண்டபத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை ஆட்சியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தொட்டு, பிடித்து, தடவிக் குணப்படுத்துவதை நான் பழிக்கவில்லை. சுளுக்கு எடுக்கிறவர் இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. சித்த மருத்துவத்தில் தொக்கணமும் வர்மமும் பாடமாகவே இருக்கின்றன. கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைத்துக் கொடுப்பது ஓரளவு பலன் தரும் என்று நவீன ஆய்வுகளும் சொல்கின்றன. மற்ற சிகிச்சைகளைவிடப் பெரிதாக ஒசத்தி என்று சொல்லவில்லை, ஏறக்குறைய சமம் என்கின்றன. ‘டக்’ என்று கேட்கிற சத்தத்தை எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று முகாமில் சொல்கிறார்கள். அது மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம். விரலை நெட்டி முறித்தாலும் அதே சத்தம்தான்.

கைரோபிராக்டிக் முறை அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் ஊரில், 1895ல் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்தார் என்று 1906ல் அவரையே சிறையில் போட்டார்கள். அப்புறம் அங்கே சட்டம் வந்தது. இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உரிமம் வாங்கித்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும். பிரிட்டனில் 1994ல் தனிச் சட்டமே போட்டு, பதிவு இல்லாதவர் கைரோபிராக்டர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கிவிட்டார்கள். அங்கெல்லாம் ஒருவருக்குக் காயம் பட்டால் யாரிடம் முறையிடுவது என்பதில் குழப்பம் இல்லை. உரிமம் கொடுத்த அமைப்பு இருக்கிறது.

நம் நாட்டில் கைரோபிராக்டர்களுக்கென்று சட்டப்படியான கவுன்சில் எதுவும் இல்லை. எம்.பி.பி.எஸ். டாக்டர் தப்பு செய்தால் மருத்துவ கவுன்சிலுக்குப் போகலாம். சித்த மருத்துவருக்கும் கவுன்சில் உண்டு. இயன்முறை மருத்துவர்கள் 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வெளிநாட்டில் முறையாகப் படித்துவந்த கைரோபிராக்டரும் இங்கே இருக்கிறார், சில நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழை மாட்டிக்கொண்டவரும் இருக்கிறார். பலகையைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியாது. இரண்டு பேருக்கும் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருக்கும்.

‘அவர் டாக்டரே இல்லையே, அப்புறம் எப்படிக் கேஸ் போடுவது?’ என்று கேட்கிறார்கள். நேர்மாறாக நினைக்கிறார்கள். 1996ல் உச்ச நீதிமன்றம் பூனம் வர்மா வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்துபோன வழக்கு அது. படிக்காத முறையில் வைத்தியம் பார்ப்பதே கவனக்குறைவுதான், தனியாக வேறு நிரூபிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். தகுதி இல்லாதவர் கையில் மாட்டியவருக்குச் சட்டத்தில் வழி கொஞ்சம் சுலபம் என்றே சொல்லலாம். படித்த மருத்துவர், ‘என்னைப் போன்ற மற்ற மருத்துவர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள்’ என்று சொல்லித் தப்பிக்க முடியும். ஏழு நாள் படிப்புக்காரர் அப்படிச் சொல்ல யாரைக் கூப்பிடுவார்?

வழக்கு எங்கே என்றால், பெரும்பாலும் நுகர்வோர் ஆணையம்தான். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ல் வந்த புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று டாக்டர்கள் தரப்பில் ஒரு முயற்சி நடந்தது. 2022ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. (வக்கீல்கள் மேல் மட்டும் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று 2024ல் தீர்ப்பு வந்திருக்கிறது. எங்கள் பாடு தேவலை. நீங்கள் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

சிவகங்கையில் இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கைரோக்காரர் சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் பரவாயில்லை, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. முகாமுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன்.

நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’ என்பதற்குள் இலவசமாகச் செய்வது வராது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவம் இந்தச் சட்டத்தில் சேராது என்று அதே சாந்தா தீர்ப்பும் சொல்கிறது. பெயர் பதிய ஐம்பதோ நூறோ வாங்கினாலும் அது சிகிச்சைக்கான கட்டணமாகிவிடாது என்றும் சொல்கிறது. நல்ல மனதோடு நீங்கள் ‘இலவச முகாம்’ என்று போடுகிற அந்த ஒரு வரி, காயப்பட்டவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவைச் சாத்திவிடலாம். உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது, போகலாம். ஆனால் அங்கே கேட்கிற தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம். அப்புறம் வாய்தா மேல் வாய்தா. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கூலி வாங்குகிறவர் எத்தனை வாய்தாவுக்கு தேவகோட்டைக்கு பஸ் ஏறுவார்?

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான முகாம்கள் உண்மையில் இலவசம் இல்லை. ஆலோசனை இலவசம், உட்கார்ந்ததும் ‘உங்களுக்குப் பத்து சிட்டிங் தேவை’ என்பார்கள். பேக்கேஜ் என்று ஒரு தொகை. பணம் யாரோ ஒருவர் பெயரில் உள்ள ஜிபே எண்ணுக்குப் போகும். ரசீது கிடையாது. காயம் பட்ட பிறகு, ‘நாங்கள் இலவச முகாம்தானே நடத்தினோம், நோட்டீஸைப் பாருங்கள்’ என்று உங்கள் நோட்டீஸையே எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அப்படி நேரில் காட்டியிருக்கிறார்கள்.

அப்படிக் காயம் பட்டு என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் சொல்கிறேன். டைல்ஸ் பட்டறை வேலை. நாள் முழுக்கக் குந்தியிருந்து கண்ணாடித் தட்டில் சாயக் கலவை ஊற்றி, சிமெண்ட் போட்டு, ஈரக் கல்லைத் தொட்டியில் இறக்கி எடுக்கிற வேலை. முதுகுவலி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முகாமுக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் கேட்கவில்லை, கால் மரத்துப்போகிறதா என்று கேட்கவில்லை, குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் ஓங்கி ஓர் அழுத்து. சத்தம் நன்றாகக் கேட்டது என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். மறுநாள் இரண்டு காலும் தளர்ந்து, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் பிரியாமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜவ்வு பிதுங்கி, தண்டுவடத்தின் கீழே கொத்தாக இறங்கும் நரம்புகளை நெருக்கியிருந்தது. அது அன்றே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய நிலை. செய்தார்கள். இப்போது நடக்கிறார், பட்டறைக்குப் போக முடியவில்லை.

அவர் கேஸ் ஏன் நிற்கவில்லை தெரியுமா? மதுரையில் டாக்டர் கேட்டபோது, ‘சிமெண்ட் மூட்டை தூக்கினேன்’ என்று சொல்லியிருக்கிறார். முகாமுக்குப் போனதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பயம், சங்கத்துப் பெரியவர்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற கூச்சமும்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டை தூக்கியதால் என்று ஏறிவிட்டது. நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியைத் தாண்டி வர முடியாது. எதிர்த்தரப்புக்கு எப்படியும் ஒரு வாதம் இருக்கும்: ‘வலியோடுதானே வந்தார், ஜவ்வு ஏற்கெனவே விலகியிருந்தது.’ அது பாதி உண்மையாகவும் இருக்கும். அதை உடைக்க நமக்கு இருப்பது நேரக்கணக்கு ஒன்றுதான். முகாமுக்கு முன் நடந்து போனார், அழுத்திய மறுநாள் நடக்க முடியவில்லை என்று மருத்துவமனையின் முதல் காகிதத்திலேயே ஏறியிருக்க வேண்டும். யாராவது இப்படி மாட்டினால் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள், பெயரோடு, தேதியோடு. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

கழுத்து இதைவிட மோசம். மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறி, மண்டையோட்டுக்கு அடியில் வளைந்து உள்ளே போகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது அந்த வளைவில் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மேலே போனால் பக்கவாதம். உடனே தெரிய வேண்டும் என்பதில்லை, சில நாள் கழித்தும் வரும். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், நடக்கும்போது ஒருபக்கம் சாய்தல் என்று ஆரம்பிக்கும். அடிக்கடி நடப்பதில்லை, உண்மைதான். 2016ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கேட்டி மே என்ற மாடல் இறந்தபோது, கழுத்தைத் திருப்பியதில் தமனி கிழிந்ததே காரணம் என்று அங்குள்ள மரண விசாரணை அலுவலகம் பதிவு செய்தது. அவருக்கு வயது 34. தமனி முன்பே லேசாகக் கிழிந்திருந்து, அந்தக் கழுத்துவலிக்காகவே சிலர் கைரோவுக்குப் போகிறார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. வழக்கில் எதிர்த்தரப்பு இதைக் கட்டாயம் சொல்லும். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும், கிழிந்த தமனி உள்ள கழுத்தைச் சோதிக்காமல் திருப்பியது யார் தப்பு?

முகாமில் கையெழுத்து வாங்குகிற காகிதம் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். ‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று அதில் இருக்கும். சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்தவர் கவனக்குறைவுக்குச் சம்மதம் கொடுத்தவர் ஆகமாட்டார். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு என்ன வழி இருக்கிறது என்று புரிகிற மாதிரி சொல்லி வாங்கினால்தான் சம்மதம் என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. வரிசையில் நிற்கும்போது நீட்டுகிற ஆங்கிலக் காகிதம் அதில் சேராது.

போலீசுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு இருக்கிறது. அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்பட்டால் மூன்றாண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினைந்து நாள் வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனாலே கொடுங்காயம்தான். ஆனால் நஷ்ட ஈடு வேண்டுமென்றால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

உங்களிடம் நான் கேட்பது மண்டபத்தை மூடிவிடுங்கள் என்று இல்லை. அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு மணையில் உட்கார இடுப்பு ஒத்துழைக்க வேண்டுமே என்று கவலைப்படுகிற ஆட்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர். காரைக்குடிக் கண்டாங்கி நெய்கிறவருக்கும் பலகாரம் சுடுகிற ஆச்சிக்கும் கழுத்துவலி பொய்யில்லை. முகாம் வேண்டும். வருகிறவர் மருத்துவர், சித்த மருத்துவர், இயன்முறை மருத்துவர் என்று எதிலாவது பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணை வாங்கிப் பாருங்கள். தனி கிளினிக் நடத்துகிறவர் என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். எதுவும் இல்லாதவருக்கு இடம் கொடுக்காதீர்கள், நன்கொடை எவ்வளவு தந்தாலும்.

கட்டணம் வாங்கினால் நோட்டீஸில் ‘இலவசம்’ போட வேண்டாம். எவ்வளவு என்று தமிழில் போட்டு, ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். முழுக்க இலவசம் என்றால், பரிசோதனையோடும் பயிற்சி சொல்லிக் கொடுப்பதோடும் நிறுத்திக்கொள்ளட்டும். மண்டபத்தில் நடுவில் ஒரு கட்டிலைப் போட்டுக் கழுத்தைத் திருப்புவதை அடியோடு விட்டுவிடலாம். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று உங்கள் பக்கம் ஒரு நோட்டு இருக்கட்டும். மொய்ப்பணத்துக்கு எழுதுகிற நோட்டை நம்மைவிடச் சுத்தமாக யாரும் எழுதமாட்டார்கள், அந்த வழக்கத்தில் ஒரு பங்கு போதும்.

வீடியோ எடுப்பதைத் தடுக்க வேண்டாம். எலும்புக்குப் பக்கத்தில் மைக் வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்து ரீல்ஸ் போடுகிறார்களே, அதைவிட நல்ல சாட்சி கிடையாது. யார் செய்தது, எப்படிச் செய்தது, கேள்வி கேட்டாரா இல்லையா எல்லாம் அதிலேயே இருக்கும். பிரச்சினை வந்ததும் முதலில் காணாமல் போவதும் அதுதான். அதனால் ஒரு பிரதி சங்கத்திலும் இருக்கட்டும்.

இதெல்லாம் செய்யாவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று சிலர் கேட்கலாம். நோட்டீஸில் சங்கத்தின் பெயர் இருக்கிறது, அழைத்தது நீங்கள், இடம் தந்தது நீங்கள். வழக்குப் போடும் வக்கீல் உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பார். நானாக இருந்தாலும் சேர்ப்பேன். பொறுப்பு உண்டா இல்லையா என்பதை அந்தந்த வழக்கின் விவரத்தை வைத்து ஆணையம் முடிவு செய்யட்டும். சம்மனை வாங்கிக்கொண்டு சிவகங்கைக்கு நடக்க வேண்டியது தலைவரும் செயலாளரும்தான்.

ரசீது, சம்மதக் கடிதம், பெயர் எழுதும் நோட்டு மூன்றுக்கும் தமிழில் ஒரு மாதிரிப் படிவம் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. பொதுக்குழு தேதியைச் சொன்னால் வந்து படித்துக் காட்டுகிறேன். பங்குனித் திருவிழா முகாம்களுக்கான தேதிகள் முடிவாவதற்குள் கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தேவகோட்டை வழக்கறிஞர் ஒருவர்